மைக்குக்குக் கட்டிக்கொடுத்த பெண்

தாலா
2 ஏப்ரல் 1995

ரெகாயாவுக்கு மன்சூரா எழுதுவது. சலாம். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

டாக்சி மீலூத் நேற்று வந்தான். எல்லை தாண்டி லிபியாவுக்குள் வந்ததும் அவன் முதலில் வண்டியை நிறுத்துவது என் வாசலில்தான், உனக்குத் தெரியும். தேநீரை வாயில் வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "அத்தே, டூரிஸ்ட் விழாவுல ஒங்க மருமகளைப் பாத்தேன். ஒட்டகத்து மேல, அம்பாரியில, ஜம்முனு ஒக்காந்து போனா. வெள்ளைக்காரங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு படம் புடிச்சாங்க."

எந்த மருமகள் என்று கேட்டேன்.

"எத்தனை மருமக வச்சிருக்கீங்க அத்தே? நம்ம வஸீலாதான்."

போன அத்திப்பழக் காலத்தில் என் மகன் ஈஸாவுக்கு உன் மகளைப் பேசி முடித்தோம். பார்லி அறுப்பு ஆனதும் கல்யாணம் என்றோம். வெள்ளி வேண்டுமென்று கேட்டேனா? கம்பளி கேட்டேனா? என் தாயும் நானும் பிறந்த அஸ்ரூவிலிருந்து மணப்பெண் அம்பாரியில் ஏறி என் வாசலில் வந்து இறங்க வேண்டும், அது ஒன்றுதான் கேட்டேன். சித்தி மகள்தானே, சொல்லாமலே செய்வாய் என்று நம்பினேன்.

கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட ஏற்றினாய் என்றால், அது கூத்து என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அவள் இடுப்புக் கச்சையின் முடிச்சை அவிழ்த்தாயா, இல்லையா? வயதுக்கு வந்த அன்று நீ போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க உன் ஒருத்திக்குத்தான் உரிமை, அதுவும் ஒரே தடவை. மீலூத்துக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. "ரெகாயா சித்தி ஏதோ பாடிக்கிட்டே கிட்ட போச்சு. அப்பறம் திரும்பிப் பாக்காம வந்துருச்சு" என்றான். முடிச்சை அவிழ்த்த தாய்தான் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூத்துக்குப் போனவள் எதற்காகத் திரும்பிப் பார்க்காமல் வருகிறாள்?

முடிச்சு அவிழ்ந்திருந்தால் பெண் புறப்பட்டுவிட்டாள். யார் வீட்டுக்குப் புறப்பட்டாள்? ஒட்டகம் எங்கே போய் நின்றது என்று கேட்டேன். மேடைக்குப் பக்கத்தில் என்றான். மேடையில் யார்? மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரி. அப்படியானால் என் மகனுக்குப் பேசின பெண்ணை நீ மைக்குக்குக் கட்டிக்கொடுத்துவிட்டாய்.

மீலூத் திரும்பி வரும்போது பதில் அவன் பையில் இருக்கட்டும்.

மன்சூரா


அஸ்ரூ
7 ஏப்ரல் 1995

அக்கா மன்சூராவுக்கு,

மீலூத் உன் கடிதத்தை நீட்டியபோது என் கையெல்லாம் மாவு. நீயே படிடா என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ எழுதினது இந்நேரம் தத்தாவீன் சந்தை வரைக்கும் போயிருக்கும். ஐந்தாவது வரை படித்தவள் நான், என் வசவை நானே படித்துக்கொள்வேன்.

அவிழ்த்தாயா, இல்லையா என்று போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய். முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

போன வருஷ விழாவில் அஸ்ரூ மணப்பெண்ணாக வந்தவள் யார் தெரியுமா? கடற்கரை ஹோட்டலில் ஆடுகிற பெண். வாயில் சூயிங்கம். தோளில் போட்டிருந்தது நம் சால்வையே இல்லை, ஜன்னல் திரை. தாயாக வந்தவள் அவளைவிட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம். அவள் பாடினது ஏதோ சினிமாப் பாட்டு. இதுதான் அஸ்ரூ மலைமக்களின் திருமணச் சடங்கு என்று மைக்கில் சொன்னார்கள். நம் சனம் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்தது, அக்கா. நான் ஓர் ஆள் எழுந்து போய் விழா நடத்துகிற டைரக்டரிடம், "ஐயா, இது எங்க சடங்கில்ல, எங்களைப் பண்ற கேலி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் அவரே வீட்டுக்கு வந்தார். "அம்மா, இந்தத் தடவை அசலா இருக்கணும்" என்றார். "அசல் வேணும்னா சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கீங்க" என்றேன். இதில் என்ன தப்பு? எவளோ வந்து நம் பெயரைச் சொல்லிக் குலுக்கிவிட்டுப் போவதைவிட, நம் வீட்டுப் பெண் நம் சால்வையில் ஏறட்டும் என்று நினைத்தேன். வஸீலா சொன்னாள். "எம்மா, வேணாம். பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா ஆடும்." கூத்துதானேடி என்றேன்.

ஒத்திகையில் முடிச்சைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். எல்லாம் சரியாக வந்தது. விழா அன்று ஒட்டகம் மண்டியிட்டிருக்கிறது, அவள் அம்பாரிக்குள் சிவப்புச் சால்வைக்குள் இருக்கிறாள், நான் பாடிக்கொண்டே கிட்டப் போகிறேன். மூன்றாம் அடி வரும்போது கை எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். என் அம்மா எனக்குச் செய்தது, உன் அம்மா உனக்குச் செய்தது. நான் பாட்டுக்குள் இருந்தேன், அக்கா. கை தன் பாட்டுக்குப் போனது. நம் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து குலவை எழுந்தது, கல்யாணத்துக்கு இடுகிற குலவை. அப்போதுதான் கையைப் பார்த்தேன். கச்சை என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கச் சொல்கிறாயா? நடந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் வஸீலா தட்டை எடுத்துக்கொண்டு என் அடுப்பருகே உட்கார்ந்தாள். என் நாத்தனார் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முடிச்சு அவுந்த பொண்ணு தாயடுப்புல சாப்பிடலாமா? இனிமே புருசன் வீட்டு அடுப்புதான்."

"எந்தப் புருசன் வீடு அத்தே?" என்று வஸீலா கேட்டாள். "வழி சொல்லு, போறேன்."

அன்றிலிருந்து என் மகள் நாத்தனார் வீட்டில் சாப்பிடுகிறாள். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். என் மகளுக்கு ஒரு பார்லிக் களி கிளற எனக்கு உரிமை இல்லை. நாத்தனார் களியில் உப்பு என்பதே இருக்காது, உனக்குத் தெரியும்.

நீதான் வழி சொல்ல வேண்டும். நான் மறுபடி முடிச்சுப் போட்டுவிடட்டுமா? பையன் வீட்டுக்காரி நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் இங்கே வாய்கள் அடங்கும். பார்லி அறுத்ததும் முறையாக ஏற்றி அனுப்புகிறேன்.

உன் தங்கை
ரெகாயா


தாலா
21 ஏப்ரல் 1995

ரெகாயாவுக்கு,

முடிச்சு என்ன செருப்பு வாரா, அறுந்தால் திரும்பக் கட்ட?

இரண்டாம் தடவை புறப்படுகிறவள் யார்? தள்ளிவைக்கப்பட்டவள். அவள் நடந்து வருவாள், இல்லை கழுதையில் வருவாள். அம்பாரி ஏறமாட்டாள். பாட்டை என்ன செய்வாய்? ஒரு பெண்ணுக்கு அதை இரண்டு தடவைதான் பாடுவார்கள். ஒன்று புறப்படும்போது, இன்னொன்று செத்தபின் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றும்போது. அந்த இரண்டாவதை அவள் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே அவள் முகத்துக்கு நேரே பாடப் போகிறாயா? ஐந்தாவது வரை படித்தவளே, இதைக் கொஞ்சம் யோசி.

இந்த அம்பாரியை ஏன் அப்படிக் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. என் கல்யாணத்தன்று நீ சின்னப் பெண். ஒட்டகத்தின் பின்னால் ஓடி வந்தாய், பாதி வழியில் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தைக் கேள். எல்லையில் காவலாள் நிறுத்தினான். எனக்குக் காகிதம் இருந்தது, என்னைக் கூட்டி வந்த மாமாவுக்கு இருந்தது. "ஒட்டகத்துக்கு எங்க காகிதம்?" என்றான். காகிதம் இல்லாத ஒட்டகம் உள்ளே வராது என்றான். மாமா கெஞ்சினார். அவன் பல் குத்திக்கொண்டிருந்தான். கடைசியில் நாலூத் சந்தைக்குப் போகிற லாரி ஒன்றில் என்னை ஏற்றினார்கள். வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து, சால்வையை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்தேன். என் மாமியார் போன வருஷம் சாகும்வரை என்னை மன்சூரா என்று கூப்பிட்டதில்லை. "ஏ வெங்காயக்காரி" என்பாள். விருந்தாளிகள் முன்னாலும்.

அதனால்தான் ஈஸா குளிர்காலம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒட்டகத்துக்குக் காகிதம் வாங்கினான். அதற்கு நோய் இல்லை என்று ஒன்று, அது யாருடையது என்று ஒன்று, எதற்கு வருகிறது என்று ஒன்று. கடைசிக் காகிதத்தில் "சுமை: பெண் ஒன்று" என்று எழுதினார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது இந்த வீட்டில் காணோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே நம் மலைப் பேச்சுக்கு அரசாங்கம் தடை போட்டிருக்கிறது, அதில் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் எழுதிக்கொள்ள மாட்டார்கள். பாட்டு, விழா என்று பேச்செடுக்க முடியாது. ஆனால் ஓர் ஒட்டகம் பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்து ஒரு வாசலில் மண்டியிடுவதை எந்தச் சட்டம் தடுக்கும்? வருகிறது, உட்காருகிறது, பெண் இறங்குகிறாள். நம் சனம் கதவிடுக்கில் பார்த்திருக்கும். ஆயுசுக்கும் போதும். அதைத்தான் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனுக்குக் காட்டிவிட்டாய்.

கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

மன்சூரா


அஸ்ரூ
12 மே 1995

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சம்பந்தம் ஆகப்போவதில்லை என்று ஆன பிறகு சம்பந்தியம்மா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நீங்கள் சட்டம் தெரிந்தவர்கள், சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து பேச்சு முடித்த அன்று வந்த சால்வை, வெள்ளிக் கொக்கி, அத்தர் புட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மீலூத்திடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான். "சித்தி, கடுதாசி குடு, கொண்டு போறேன். சண்டையை மூட்டை கட்டிக் குடுத்தா எல்லையில என்னன்னு சொல்வேன்?" என்கிறான். அது என் வீட்டு மூலையில் கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

டைரக்டர் நேற்று வந்தார். விழாவை எடுத்த கேசட்டைப் பரிசாகக் கொடுத்தார். எங்களிடம் அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி இல்லை. மளிகைக்கடைக்காரர் வீட்டில் போய்ப் பார்த்தோம். என் கை முடிச்சை அவிழ்ப்பதை இவ்வளவு பெரிதாகக் காட்டுகிறார்கள், நகத்தில் இருக்கும் அழுக்குகூடத் தெரிகிறது. வாய் அசைகிறது. குரல் இல்லை. எவனோ ஒருத்தன் பிரெஞ்சில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். "பிரமாதம்மா. அடுத்த வருஷமும் நீங்கதான். வீட்டுல வேற பொண்ணு இருக்கா?" என்றார் டைரக்டர். என் வாயில் வந்ததை எழுதினால் இந்தத் தாள் கறுத்துவிடும்.

நான் செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். ஆட்டக்காரிகள் பொய்யாகச் செய்தார்கள், அது தப்பில்லை. நான் சரியாகச் செய்தேன், அது தப்பு. இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் சந்தோஷம்.

உங்களை எல்லையில் நிறுத்தியவன் பல் குத்திக்கொண்டிருந்தானே, அவனுக்கும் ஏதோ சட்டம் இருந்திருக்கும்.

ரெகாயா


தாலா
1 ஜூன் 1995

ரெகாயா,

நீங்கள் நாங்கள் என்று எனக்கு எழுதாதே. உன் மூக்கைத் துடைத்து விட்டவள் நான்.

உன் கடிதத்தின் கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதைப் படித்த அன்றே ஈஸாவும் வாயைத் திறந்தான். நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தீர்களோ என்றுகூட நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்பது போல என்னிடம் கேட்டான்.

"எம்மா, முடிச்சு அவுந்துச்சா, இல்லையா?"

"அவுந்துச்சு."

"அப்ப பொண்ணு பொறப்பட்டாச்சு."

"ஆச்சு."

"யாருக்குப் பேசின பொண்ணு?"

"ஒனக்கு."

"எனக்குப் பேசின பொண்ணு எவன் வீட்டுக்குப் பொறப்படுவா? அந்த மைக்குக்காரன் வீட்டுக்கா? நம்ம வீட்டுக்குத்தான் பொறப்பட்டிருக்கா. ரெண்டு மாசமா நடுவழியில நிக்கிறா. தாயடுப்புலயும் சாப்பாடு இல்ல, நம்ம அடுப்புலயும் இல்ல. அவளை அங்க நிறுத்தி வச்சிருக்கிறது யாரும்மா? காகிதம் எங்கன்னு கேக்குறது யாரு?"

இரண்டு நாள் களியைத் தட்டில் தட்டி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் பயல் சொன்னதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. இங்கிருக்கிற கிழவிகளிடமும் கேட்டேன். புறப்பட்டவளைத் திருப்பவும் கூடாது, மறுபடி புறப்படச் சொல்லவும் கூடாது, போய் எதிர்கொண்டு கூட்டி வர வேண்டியது மாமியாரின் பொறுப்பு என்றார்கள்.

அதனால் கேள். பார்லி அறுப்பு முடிந்த வாரம், வியாழக்கிழமை, மீலூத்தின் டாக்சியில் அவளை ஏற்றி விடு. உன் நாத்தனார் கூட வரட்டும். எல்லைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பேன். நிக்காஹ் இங்கே பள்ளிவாசலில். ஒட்டகம் கிடையாது. அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன், நன்றாக எரிந்தன. வண்டியில் வெங்காயம் இல்லாமல் பார்த்துக்கொள்.

உன் பங்கு விழா அன்றே முடிந்துவிட்டது. அவள் புறப்படும்போது நீ வாசலுக்கு வரக் கூடாது. அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றுகொள். பாடாதே. திரும்பாதே. ஆலிவ் பிழிந்து புது எண்ணெய் வரும்வரை நீ இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது, அதுவும் முறைதான், உனக்குத் தெரிந்ததுதான். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

மன்சூரா


அஸ்ரூ
23 ஜூன் 1995

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். இதற்கு மேல் ஒரு சட்டம் பாக்கி இருந்தால் அதையும் எழுதி அனுப்பிவிடு.

காலையிலேயே மீலூத் வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். மதியத்துக்கு மேல் போனால் எல்லையில் வரிசை நீளும் என்று அவன் அவசரம் அவனுக்கு. நான் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் ஒரு விரிசல், பல்லி முட்டை, கரி. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மகளின் கல்யாணத்தன்று. நாத்தனார் பெட்டியைத் தூக்குகிற சத்தம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இருமுகிற சத்தம். இந்த மனிதருக்குத் துக்கம் வந்தால் இருமல்தான் வரும்.

வஸீலா பின்னால் வந்து நின்றாள். தொடவில்லை, தொடக் கூடாது என்று அவளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

"எம்மா, ஒன்னு சொல்லணும். கோவப்படாத."

"சொல்லு."

"அன்னைக்கு விழாவுல நீ பாடினியாமே. எனக்கு ஒரு அடிகூடக் கேக்கல. அம்பாரிக்குப் பக்கத்துலதான் அந்த ஸ்பீக்கரக் கட்டியிருந்தாங்க. காது கிழிஞ்சிச்சு. நீ எப்பக் கிட்ட வந்த, எப்ப அவுத்த, ஒன்னும் தெரியல. குலவை கேட்டதும்தான் குனிஞ்சு இடுப்பப் பாத்தேன்."

நான் என்ன செய்ய வேண்டும், அக்கா? நீயே சொல்லு. திரும்ப முடியுமா? முடியாது. பாட முடியுமா? இரண்டாம் தடவை எதற்குப் பாடுவார்கள் என்று நீ எழுதின எழுத்து கண் முன்னால் நிற்கிறது. வெளியே ஹார்ன். "போடி, மீலூத் காத்திருக்கான்" என்றேன், சுவரைப் பார்த்து. பெற்று வளர்த்த பெண்ணுக்கு நான் சொல்லியனுப்பின வார்த்தை அது. மீலூத் காத்திருக்கான்.

கதவு சாத்தின சத்தம். அவன் வண்டியில் கேசட்டும் போட்டுவிட்டான். எகிப்துக்காரி எவளோ அழுதுகொண்டே போனாள்.

அந்தப் பாட்டை ஊரே கேட்டது. நாற்காலிக்காரர்கள் கேட்டார்கள், இல்லை, அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள், விளக்கம் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியவள் ஒருத்தி, அவள் கேட்கவில்லை. சட்டம் தெரிந்தவள் நீதானே. கேட்காத பாட்டு பாடின பாட்டா? பதில் எழுது.

சாப்பிட்டாளா என்றும் எழுது. வண்டியில் போனால் அவளுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது.

ரெகாயா


அஸ்ரூ
20 ஆகஸ்ட் 1995

அக்கா,

பதில் இல்லை. மீலூத் ஏழு தடவை போய் வந்துவிட்டான். "நல்லாத்தான் இருக்காங்க சித்தி" என்கிறான். அவனைக் கேட்டால் எல்லோரும் நல்லாத்தான் இருப்பார்கள். செத்தவனையும் நல்லாத்தான் இருக்கான் என்பான்.

பெண்ணை வாங்கிக்கொண்டதும் கை வலிக்கிறதோ?

ரெகாயா


தாலா
14 அக்டோபர் 1995

ரெகாயா,

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன். முதலில் பெண்.

எல்லைக் கம்பத்தில் காவலாள் அவளைக் கேட்டான். "எங்கம்மா போறே?" அவள் கொஞ்சமும் கூசாமல், "எங்க வீட்டுக்கு" என்றாள். என் பக்கம் கையைக் காட்டி, "அந்தா நிக்குதே, எண்ணெய்க் கிண்ணத்தோட" என்றாள். அவன் கிண்ணத்தைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தான். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நிலைப்படியில் எண்ணெய் தடவி உள்ளே போனாள். முதல் களியை அவளே கிளறினாள். உப்பை அள்ளிப் போட்டாள். ஈஸா முழுவதும் தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீராகக் குடித்தான். உன் வயிற்றுக் கேள்விக்குப் பதில்: வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இப்போது எடுக்கிற வாந்தி வேறு. அதை அவளே உன்னிடம் சொல்லட்டும், நான் சொல்லவில்லை.

உன் பாட்டைப் பற்றி. உன் கடிதம் வந்ததும் கிழவிகளிடம் கேட்டேன். அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்தது போதும் என்றாள் ஒருத்தி. பாட்டு முடிச்சுக்குப் பாடுவதில்லை, பெண்ணுக்குப் பாடுவது என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நான் சொன்னேன். காதில் விழாத பாட்டு தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. அது இன்னும் ரெகாயாவிடம்தான் இருக்கிறது. பாடினால் அது முதல் தடவைதான். நானே சொல்லிவிட்டேன், இனி ஒருத்தியும் மாற்ற முடியாது. ஆலிவ் பிழிந்ததும் வா. இங்கே வைத்துப் பாடு.

இப்போது காரணம். ஜூலையில் பக்கத்துத் தெருவில் ஒரு சுன்னத்து விருந்து. பெண்கள் நம் பேச்சில் பாடினார்கள். சந்தோஷத்தில் சத்தம் கூடிவிட்டது. மறுநாள் அந்தப் பிள்ளையின் தகப்பனை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்துவிட்டான். ஆனால் யாரோடும் பேசுவதில்லை. கடைக்குப் போனால் விரலைக் காட்டிப் பொருள் வாங்குகிறான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடிதம் எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஈஸா அரசாங்கப் பள்ளிக்கூடத்து வாத்தியார், மறந்துவிடாதே.

அதனால் உள்ளறையில் வைத்துப் பாடு. ஜன்னலை மூடிக் கம்பளி தொங்கவிடுகிறேன். மெதுவாகப் பாடு, அவளுக்குக் கேட்டால் போதும்.

அக்கா


அஸ்ரூ
2 டிசம்பர் 1995

அக்கா,

எண்ணெய் வந்துவிட்டது. இந்த வருஷம் கொஞ்சம் காரம். உனக்கு ஒரு ஜாடி, வாந்தி எடுக்கிறவளுக்கு ஒரு ஜாடி. வியாழக்கிழமை மீலூத்தின் வண்டியில் வருகிறேன். கேசட் போட்டால் இறங்கி நடந்து போவேன் என்று அவனிடம் சொல்லியாயிற்று.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பாட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று நீ சொன்ன இடம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் படித்தேன். அதற்கு அப்புறம் பற்றிக்கொண்டு வருகிறது. உன் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. நேற்று நாத்தனாரைத் திட்டினேன், அவள் பாவம், உப்பு கேட்டு வந்தாள்.

இங்கே டைரக்டர் வந்து மைக் வைத்துப் பாடு என்கிறார். மூன்று மலைக்குக் கேட்க வேண்டுமாம். அங்கே நீ ஜன்னலை மூடிவிட்டுப் பாடு என்கிறாய். கம்பளி வேறு தொங்கவிடுகிறாய். ஒரு தாய் தன் குரல் எவ்வளவோ அவ்வளவுக்குப் பாட இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. நான் என்ன அதிகமாகக் கேட்டுவிட்டேன்? என் அம்மா களத்தில் நின்று பாடினாள். ஆட்டைக் கூப்பிடுகிற குரல்தான் அவளுக்கு. பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை.

நேற்று மாவு சலித்துக்கொண்டே மெதுவாகப் பாடிப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரி. வரவில்லை, அக்கா. மூன்றாம் அடியில் மூச்சை இழுத்து மேலே போக வேண்டும். மெதுவாகப் போனால் அது தாலாட்டு ஆகிவிடுகிறது. தூங்க வைக்கவா நான் வருகிறேன்?

ஈஸாவின் வேலை எனக்கும் பெரிதுதான். அந்தப் பிள்ளையின் தகப்பன் விரலைக் காட்டிப் பொருள் வாங்குகிறான் என்று எழுதினாயே, அதையும் நான் மறக்கவில்லை. அதனால் ஜன்னல் உன் பொறுப்பு. மூடுவாயோ, திறப்பாயோ, கம்பளி தொங்கவிடுவாயோ, மெத்தையைத் தூக்கி வைத்து அடைப்பாயோ, உன் வீடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மெதுவாகப் பாடு என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அவளை எனக்கு நேர் எதிரே உட்கார வை. என் முகத்தை அவள் பார்க்கட்டும். அவள் காதில் விழுகிற அளவுக்குப் பாடுவேன். அதற்கு மேலே போகிறது போகட்டும்.

ரெகாயா